நெற்றியில் ஆறாத பொட்டு

லுணுகலை,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரொஷானி அப்பாவுக்கு விஜயலெட்சுமி எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் சுகம். உங்களுக்கு வேலை சிரமமில்லாமல் நடக்க நாகம்மா துணை நிற்கட்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நம் தோட்டத்து லயத்தில், இந்த ஒற்றை அறைக் காம்பிராவில் போன் அடித்தால் முதலில் ஓடிவந்து எடுக்கிறவள் உங்கள் மகள். அவள் காதில் விழாமல் உங்களிடம் ஒரு வார்த்தை பேச இங்கே எனக்கு இடமில்லை. பசறையில் கடை வைத்திருக்கும் தாஸிம் நானாவின் மகன் ஷப்ராஸ் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மழை பிடித்துவிட்டது. தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, அட்டையும் கூடவே வருகிறது. மாமா இருமிக்கொண்டே கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை. உங்கள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரொஷானி நெற்றியில் இருப்பது பொட்டு இல்லை. நோய்.

நீங்கள் தையில் போனதிலிருந்து, நீங்கள் வேண்டிக்கொண்டபடியே வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயும் நேரத்தில் லயத்துக்குப் பின்னாலிருக்கும் புற்றுக்கு விளக்கு வைத்து வந்தோம். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நான் வரத் தாமதமானால் அவளே எண்ணெயோடு போய் உட்கார்ந்துவிடுவாள். ஆனியில் நெற்றி நடுவில் சிறு பரு ஒன்று வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. மெதுவாகச் சிவந்து வட்டமானது. வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "நாகம்மாவே எம் புள்ளைக்குப் பொட்டு வச்சிருக்கா, நான் நல்லபடியா வந்து சேந்துருவேன்" என்று சொன்னீர்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வலிக்காத புண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? கோயிலுக்கு வந்த பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

போன மாதம் அது நடுவில் குழி விழுந்து பொருக்குத் தட்டியது. பதுளைக்குக் கூட்டிப்போனேன். றின்ஸா என்ற தோல் டாக்டர் சுரண்டி எடுத்துச் சோதித்தார். மணல் ஈ கடித்து வருவதாம். கொசுவை விடச் சின்னது, சத்தம் போடாது, உயரமாகவும் பறக்காது. பகலெல்லாம் புற்று ஓட்டையிலும் ஈர மண்ணிலும் ஒளிந்திருந்து பொழுது சாயத்தான் வெளியே வருமாம். "உங்கட பக்கம் மழ விட்டு வெயில் புடிச்ச மாசங்கள்லதான் இது கூடுது. கடிச்சது அப்ப, புண்ணு தெரியுறது இப்ப" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். மாசியும் பங்குனியும். விளக்கை விட்டு அவள் நகராமல் உட்கார்ந்திருந்த காலம்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து புற்றை இடிக்க வேண்டும் என்றார். இடிக்க விடமாட்டோம் என்று லயமே திரண்டு நின்றது. கடைசியில் மாமாதான் பேசி முடித்தார். புற்று இருக்கும், சுற்றியுள்ள பற்றைச் செடிகளை வெட்டியாயிற்று, விளக்கு இனி உச்சி வெயிலில். முணுமுணுத்தவர்களிடம், "ஏன், அம்மாளுக்கு மத்தியானத்துல கண்ணு தெரியாதா?" என்று கேட்டார். உங்கள் வேண்டுதலின் நேரத்தை உங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். தை பிறந்து மழை விட்டால் மறுபடியும் அந்தக் காலம்தான்.

என் கவலை இப்போது அதுவல்ல. வாராவாரம் புண்ணைச் சுற்றி ஊசி போட வேண்டும். முதல் ஊசிக்கு அழுதாள், ஆனால் அசையாமல் இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். தடமே தெரியாமல் மறைந்துவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னேன். நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. இந்தப் புதன்கிழமை கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். இழுத்தேன், என் கையைக் கடித்துவிட்டாள். "பொட்டு போயிட்டா அப்பா வரமாட்டாரு" என்று ஒரே அழுகை. எட்டு வயதுப் பிள்ளை உங்களுக்காக அந்தப் புண்ணைக் காவல் காக்கிறாள்.

ஊசியை நிறுத்தினால் புண் பெருகும், நெற்றியில் நிரந்தரமாகப் பள்ளம் விழும் என்கிறார் டாக்டர். நான் சொன்னேன், மாமா சொன்னார், டீச்சரும் சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "அப்பா அப்புடிச் சொல்லலியே."

அதனால் நீங்களே சொல்ல வேண்டும். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நாம் இருவரும் சேர்ந்துதான் கும்பிட்டோம். கடிதம் கிடைத்ததும் வீடியோவில் வாருங்கள். அவள் முகத்தைப் பார்த்து, அப்பா சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன் என்று சொல்லுங்கள். எப்போது என்று கட்டாயம் கேட்பாள். தீபாவளி என்றதைப் பொங்கல் என்று மாற்றினீர்கள், போன வாரம் அதையும் சொல்லாமல் விட்டீர்கள். இந்த முறை உண்மையான மாதத்தைச் சொல்லுங்கள், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நானும் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாகம்மா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
விஜயலெட்சுமி