தகரக் கொட்டகையின் மே மாதம்

3 டிசம்பர் 1996

மழை விடவில்லை. ஆராய்ச்சிப் பண்ணைக்கு நனைந்துகொண்டேதான் போனேன். 47-ஆம் எண் நெல் நாற்றுகளின் மேல் புகையான் பூச்சிகளை விட்டேன், கூண்டுக்கு இருநூறு. மே மாதம் செய்த அதே சோதனைதான். ஜனவரிக் கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு தரம் செய்து காட்ட வேண்டுமாம். வெறும் சடங்கு. 47 ஜெயிக்கும் என்று எங்கள் காவல்காரருக்குக்கூடத் தெரியும். உறிஞ்சுகிற பூச்சிக்குச் சத்தில்லாத சாறாகக் கொடுத்து ஏமாற்றுகிற நெல் அது. மேயில் அத்தனை பூச்சியும் பட்டினியில் செத்தன.

என் மேலதிகாரி சிவசண்முகம் சார் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு எடுத்த நெல். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். கூட்டத்தில் 47 தேறிவிட்டால் மாவட்டம் முழுக்க விதை போகும்.

12 டிசம்பர்

47 செத்துவிட்டது. ஒன்பதே நாள்.

13 டிசம்பர்

சாரிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெத மாறியிருக்கும். சீட்டு ஒட்டுனது யாரு? நீதான?"

நான்தான். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தரம் பார்த்துத்தான் ஒட்டினேன். ஒட்டினேனா? இன்று முழுக்க இதே கேள்வி. திரும்பவும் விதை எடுத்து, சாரையே பார்க்க வைத்து, அவர் கையெழுத்திலேயே சீட்டு எழுதி வாங்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

சீட்டு மாறவில்லையென்றால்? ஏரலில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி இந்தப் பிசானப் பருவத்துக்கு ஒரு ஏக்கர் 47 நட்டிருக்கிறார். சார் சொல்லி நான்தான் விதை கொண்டுபோய்க் கொடுத்தேன். 'புகையானுக்கு மருந்து அடிக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே ஜெபகனி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே போட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

24 டிசம்பர்

மறுபடியும் செத்துவிட்டது. சாரே ஒட்டிய சீட்டு.

வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள். "ஏட்டி, ஒரு பூச்சிக்குப் போயி பண்டிகை நாள்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்றாள் அம்மா. ஒரு பூச்சி இல்லை அம்மா, கூண்டுக்கு இருநூறு என்றேன். சிரிப்பு வரவில்லை.

30 டிசம்பர்

மேயில் நடந்ததும் டிசம்பரில் நடந்ததும் எதில் வேறு? விதை ஒன்று, பூச்சி ஒன்று, ஆள் ஒன்று. சாயங்காலம் வெப்பப் பதிவேட்டைப் புரட்டினேன். மேயில், வழக்கமாகக் கூண்டுகள் இருக்கும் கண்ணாடி வீட்டுக்கு மராமத்து நடந்தது. கூண்டுகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தேன். ஆம், நான்தான். பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 41, 42, 41, 43 டிகிரி.

புகையானின் வயிற்றுக் கொழுப்பில் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. சாற்றில் இல்லாத சத்தை அவைதான் பூச்சிக்குச் சமைத்துப் போடுகின்றன. சூடு தாங்காதவை என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

2 ஜனவரி 1997

மேயில் சாராயத்தில் போட்டு வைத்த பூச்சிகள் புட்டியில் இருந்தன. வயிற்றை நசுக்கி நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களை எண்ணினேன். அங்கொன்று இங்கொன்று. டிசம்பர்ப் பூச்சியில் எண்ணி முடியவில்லை.

ஆக, மேயில் 47 யாரையும் ஜெயிக்கவில்லை. சமைத்துப் போடுகிறவளை வெயில் முதலிலேயே கொன்றுவிட்டது. வயலில் இருக்கிற பூச்சிக்கு நெல் எவ்வளவு கஞ்சத்தனம் செய்தாலும் கவலையில்லை, அதன் வயிற்றிலேயே அடுப்பெரிகிறது.

3 ஜனவரி

சாரிடம் கணக்கை நீட்டினேன். முகம் கறுத்துவிட்டது. "பூச்சி வயித்துக்குள்ள கெடக்கத வச்சி என் பன்னெண்டு வருசத்த அழிக்கப் பாக்கியா? இருவதாந் தேதி கூட்டம் முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

ஏரலில் பயிர் இப்போது பூக்கிற நேரம். இருபதாம் தேதிக்குள் பூச்சி உறிஞ்சியே வயல் தீய்ந்துவிடும். வேலை போனால்? போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

5 ஜனவரி, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஏரல் பஸ் ஏறினேன்.

வயலின் நடுவில் பாய் விரித்த அளவுக்கு ஒரு வட்டம் தீய்ந்திருந்தது. தூரை விலக்கினால் பூச்சி உதிர்கிறது. சுடலைக்கண்ணு அண்ணாச்சி வரப்பில் நின்றார். "பக்கத்து வயக்காரன் ரெண்டு தரம் மருந்து அடிச்சிட்டான். என்னயப் பாத்துச் சிரிக்கான். நான் அடிக்கல. நீங்கதான அடிக்காதன்னு எழுதித் தந்திய." என் சீட்டை நெகிழிப் பையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்.

தப்பு என்னுடையது அண்ணாச்சி என்றேன். கொட்டகை, வெயில், வயிற்று நுண்ணுயிர் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்பம் என்ன செய்யணும்?"

தண்ணீரை வடிக்க வேண்டும். எட்டடிக்கு ஒரு இடம் பயிரைப் பிரித்துவிட்டு வெயிலும் காற்றும் தூருக்குப் போகச் செய்ய வேண்டும். பிறகு தூரில் படும்படி மருந்து. பழைய சீட்டை வாங்கி, அதிலிருந்த வரியை அடித்துவிட்டு இதையெல்லாம் எழுதினேன். கீழே மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மடை திறந்து பாதி வயல் வடியும்வரை நானும் சேற்றில் நின்றேன்.

6 ஜனவரி

ஏரலுக்குப் போய்விட்டு வந்ததைச் சாரிடம் சொன்னேன். "சரி, போ" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

20 ஜனவரி

கூட்டம். சார் எழுந்து 47-ஐத் திரும்பப் பெறுவதாக இரண்டே வரியில் சொன்னார். என் எண்ணிக்கைத் தாள் அவர் கையில் இருந்தது. கொட்டகைக்கு மாற்றியது யார் என்று ஒருவர் கேட்டார். "என் பொறுப்புல நடந்தது" என்றார்.

வெளியே வந்து கைகூப்பினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

11 பிப்ரவரி

சார் இன்னும் பேசவில்லை.

26 பிப்ரவரி

காலை ஏழு மணிக்குப் பண்ணை வாசலில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. அறுப்பு முடிந்ததாம். விளைச்சலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியதாம். நான் பேச வாயெடுப்பதற்குள் கையிலிருந்த ஈரத்துண்டு மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், வாயில் மெல்லிய துணி, உள்ளே நெல் தூர், தூர் நிறையப் புகையான்.

"ஒங்க கூண்டுப் பூச்சிய நம்பி இனிமே எழுதாதிய. இது ஏரல் பூச்சி. அடுத்து எந்த நெல்ல எடுத்தாலும் இத விட்டுப் பாருங்க. தாங்குச்சுன்னா எழுதிக் குடுங்க, நான் நடுதேன். வெயில் ஏறுனா உள்ள இருக்கது செத்துரும்னு சொன்னியள்லா, அதான் மொத பஸ்ஸுல வந்துட்டேன்."

பாட்டிலை வாங்கினேன். குளிர்ந்திருந்தது.