ஜெபசீலனுக்குப் போட்ட இரண்டு மார்க்

3-10-1974, வியாழன்

தாம்பரத்தில் 7.50 வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. கிண்டி வரை தூங்கினேன். ஆபீசில் ஒரு வால்வு மூடியின் படத்தை மூன்றாவது தடவையாக வரைந்து கொடுத்தேன். சூப்பர்வைசர் மூக்கைச் சுளித்தார். வாரம் முழுக்க அவர் எனக்கு மார்க் போடுகிறார், சனிக்கிழமையானால் நான் மற்றவர்களுக்குப் போடுகிறேன். அதனால்தான் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் வில்பிரட்டைப் பார்த்தேன். இந்தச் சனிக்கிழமை எங்கள் ரெக்கார்டுக் கூட்டத்துக்குப் புது ஆள் ஒருவன் வருகிறானாம். ஜெபசீலன் என்று பெயர், பாங்க் வேலை, மாமா கப்பலில் இருக்கிறார், போகிற ஊரிலெல்லாம் ரெக்கார்டு வாங்கி அனுப்புகிறார். "உனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்டா" என்றான்.

எனக்கு ஏன் பிடிக்கணும்?

5-10-1974, சனி

வந்தான். இருபத்துமூன்று வயசு இருக்கும். மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. வந்ததும் செருப்பை ஓரமாக, ஜோடியாக விட்டான். அதைக்கூட வில்பிரட்டின் தங்கை ஜெயசீலி கவனித்தாள்.

வில்பிரட் அவனுக்கு எங்கள் சட்டதிட்டங்களை விளக்கினான். நான்கு வருஷமாக நடக்கிற காரியம், அவன் வாயால் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. சேலையூரில் வில்பிரட் வீட்டு முன்னறை. அவன் அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். எலெக்ட்ரிக் கிடார் என்றால் அவருக்குப் பிசாசின் சத்தம். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பினால் ஆறுக்குத்தான் திரும்புவார். அந்த இரண்டு மணி நேரம் எங்களுடையது. யாரும் கேட்டிராத பாட்டு ஒன்றை ஒருவர் கொண்டுவர வேண்டும். அட்டையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும், தட்டின் நடுவில் உள்ள லேபிள் தெரியாமல் வட்டமாகக் காகிதம் வெட்டி ஒட்ட வேண்டும். பெரிய பாட்டுக் கோஷ்டி, சின்ன கோஷ்டி என்ற தயவு கிடையாது, காது சொல்வதுதான். பாட்டு ஓடும்போது காலால் தாளம் போடக் கூடாது, அடுத்தவன் மனசு கலைந்துவிடும். கொண்டுவந்தவனைத் தவிர மற்ற நான்கு பேரும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துக்கு மார்க் எழுதி ஜெயசீலியிடம் கொடுக்க வேண்டும். அவள் கூட்டிச் சொல்வாள். கடைசியில் தீர்ப்பு. தீர்ப்பு என்றால் நான்.

பிளேயர் பக்கத்துப் பிரம்பு நாற்காலி என்னுடையது. ஊசி வைப்பதும், வேகம் மாற்றும் லீவரைப் பெரிய தட்டுக்கு 33, சின்னத் தட்டுக்கு 45 என்று திருப்புவதும் நான் மட்டும். ரயில்வே ஒர்க்‌ஷாப் கேசவன் ஒரு தடவை கையை வைத்து ஊசியை முறித்தான், அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

ஜெபசீலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தீர்ப்பு சொல்றது அண்ணாவா? அப்போ அண்ணாகிட்டதான் நான் பயப்படணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

12-10-1974

ஜெபசீலன் கொண்டுவந்தது: நாற்பதுக்கு 34. நான் கொண்டுவந்தது: 27.

19-10-1974

இன்றைக்கும் அவன்தான் முதல். பர்மிங்ஹாம் பக்கத்துக் கோஷ்டியாம், பெயர் இந்தியாவில் எவனுக்கும் தெரியாது. இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர்கள் மாதிரி வாசிக்கிறார்கள். நான் 6 போட்டேன். நியாயமாக 8. ஏன் குறைத்தேன்? கேசவன் பாட்டு முடியுமுன்பே "ஷோக்கா கீதுபா!" என்று கத்தினான், அதனால். கத்தினது கேசவன், குறைத்தது ஜெபசீலனுக்கு. நல்ல நீதிபதி நான்.

வாலிபர் சங்க செகரட்டரி வில்பிரட்டிடம் ஒரு விஷயம் கேட்டிருக்கிறார். டிசம்பர் 14 சாயங்காலம் சங்க ஹாலில் மேல்நாட்டு இசை பற்றி ஒரு மணி நேரம், பாட்டு போட்டு விளக்கிப் பேச ஓர் ஆள் வேண்டும். நூறு பேராவது வருவார்களாம். வில்பிரட் யார் பெயரைச் சொல்கிறானோ அவர்தான். நவம்பர் பாதியில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஒரு மாசத்துக்கு முன்பு என்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இன்றைக்கு வில்பிரட் "யோசிக்கணும்டா" என்கிறான். நாலு வருஷமா என்னடா யோசிச்சே?

26-10-1974

மழை. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ரோடே தெரியவில்லை. பாண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு போனேன். அவன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான், ஜெயசீலி அவனுக்குத் துண்டு கொடுத்திருக்கிறாள். அவனை "ஜெபசீலன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்னை "அசரியாண்ணா". நாலு வருஷமாக அண்ணா.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

2-11-1974, சனி

முதலில் வில்பிரட்டின் பெரிய தட்டு. சுமார், 22. அடுத்து ஜெபசீலன் ஒரு சின்னத் தட்டை நீட்டினான். "இது சும்மா ஒரு மாறுதலுக்கு" என்று ஏதோ முன்னுரை சொல்ல வந்தான். முன்னுரை சட்டப்படி தப்பு. "பேசக் கூடாது" என்று வெடுக்கென்று வாங்கி வைத்து ஊசியைப் போட்டேன்.

கர்த்தாவே!

பல்லாவரம் மலையில் வெடி வைத்தால் ஜன்னல் கதவு அதிருமே, அப்படி டிரம். கிடார் தரைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. பாடுவது ஆணா பெண்ணா தெரியவில்லை, மனுஷக் குரலா என்றே தெரியவில்லை. அவசரமே இல்லை. ஒவ்வொரு அடியாக நம் மேல் வந்து உட்காருகிறது. எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. ஆயுசில் இப்படி ஒன்று கேட்டதில்லை. முடிந்ததும் கேசவன், "இன்னா வெயிட்டுபா! மார்ல கல்லு வெச்சா மாதிரி கீது" என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. இது என் கையில் கிடைத்திருக்கக் கூடாதா? மாமா ஒருவர் எனக்குக் கப்பலில் இருக்கக் கூடாதா?

கேசவன் 10. வில்பிரட் 9. ஜெயசீலி 9. நான் 2.

ஜெயசீலி என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீர்ப்பில் நான், "வெறும் இரைச்சல். கனம் வேறு, மந்தம் வேறு" என்றேன். வாய் கூசவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

கேசவன், "இன்னா கோஷ்டிபா இது?" என்று கேட்டான். ஜெபசீலன் தடுமாறி, "அது... அப்புறம் சொல்றேனே" என்று மழுப்பினான். பெரிய ரகசியம்! கிளம்பும்போது கேட் பக்கத்தில் தட்டை என்னிடமே கொடுத்தான். "அண்ணா, இத ஒரு தடவ தனியா போட்டுப் பாருங்களேன். ப்ளீஸ்" என்றான். இரண்டு மார்க் போட்டவனை மனசு மாற்றப் பார்க்கிறான். கெட்டிக்காரன்.

9-11-1974

ஹெட்மாஸ்டருக்குக் காய்ச்சல், ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. எங்கள் கூட்டமும் இல்லை. வீட்டில் பிளேயர் இல்லாதவன் ரெக்கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மேஜை மேல் கிடக்கிறது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

14-11-1974, வியாழன்

இன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம்!

ஆபீஸ் யக்ஞநாராயணன் குரோம்பேட்டையில் இருக்கிறார், கர்நாடக சங்கீதப் பித்து, நல்ல ரேடியோகிராம் வைத்திருக்கிறார். திரும்பும் வழியில் அவர் வீட்டில் இறங்கினேன். மனுஷர் காகிதத்தை நகத்தால் உரித்து லேபிளைப் படித்து, லீவரைத் திருப்பிப் போட்டார்.

மூன்று பெண்கள்! பல் தேய்த்துக்கொண்டே குதிக்கிற மாதிரி கீச்சுக் கீச்சென்று ஒரு பாட்டு. கைதட்டல் வேறு. "வேற தட்டு மாறிப் போச்சா சார்?" என்று கேட்டேன். "இதேதான் ஓய். நாப்பத்தஞ்சுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே" என்றார். 33க்கு மாற்றச் சொன்னேன். வந்தது அந்தப் பூதம்.

ஆக, அன்றைக்குத் தப்பான வேகத்தில் ஓடியிருக்கிறது. எப்படியோ ஓடியிருக்கிறது. விஷயம் அதுவல்ல. தன் சொந்த ரெக்கார்டு தப்பாக ஓடுவது தெரியாமல் மார்க் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பார், அதுதான் விஷயம். இவனா ஹாலில் நூறு பேருக்கு முன்னால் பேசுவது? கோஷ்டி பெயரை ஏன் மழுப்பினான் என்று இப்போதல்லவா புரிகிறது!

சனிக்கிழமை எல்லார் முன்னாலும் வைக்கிறேன் வேட்டு. தூக்கமே வராது போலிருக்கிறது.

16-11-1974, சனி

எழுதவா வேண்டாமா?

முதலில் நான்தான் என்று எழுந்தேன். 45க்குத் திருப்பிப் போட்டேன். கீச்சுக் கீச்சு. கேசவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இது நம்ம வெயிட்டு பாட்டா? ஐயய்ய!" ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டான், காது சிவந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவன் கொண்டுவந்தது எதுன்னு இவனுக்கே தெரியல. என் காதுக்கு அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. அதான் ரெண்டு போட்டேன்" என்றேன்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. டீச்சர் கேள்வி கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு லீவரை யார் வெச்சது, அசரியாண்ணா?"

பிளேயரில் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வில்பிரட் தரையைப் பார்த்தான்.

பெரிய தட்டுக்கு வைத்த 33. கோபத்தில் சின்னத் தட்டைப் பிடுங்கி வைத்தவன் நான். லீவரைத் திருப்ப மறந்தவன் நான். இந்த வீட்டில் அதைத் தொட என்னைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை என்று சட்டம் போட்டவனும் நான்தான். 14ம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். எப்படியோ ஓடியதாம். எப்படிடா ஓடும், தானாவா ஓடும்?

ஜெபசீலன்தான் வாயைத் திறந்தான். "என் தப்புதான். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்." கேசவன், "அட வுடுங்கபா, திருப்பி மெதுவா போடு. அதான் சோக்கு" என்றான். போட்டேன். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். நான் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹால் விஷயத்தில் வில்பிரட் ஜெபசீலன் பெயரைக் கொடுத்துவிட்டான். என்னிடம் தனியாக, "மனசுல வெச்சுக்காதடா" என்றான். வேறு எங்கே வைத்துக்கொள்வது?

17-11-1974, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

20-11-1974, புதன்

ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஜெபசீலன் எதிரே வந்துவிட்டான். ஒதுங்க இடமில்லை. கேட்டே விட்டேன்.

"உனக்கு அன்னிக்குத் தெரியுமா, தெரியாதா?"

"முதல் சத்தத்துலயே தெரிஞ்சுதுண்ணா. அது எங்க தங்கச்சிக்குப் பிடிச்ச பாட்டு. உங்களையெல்லாம் சிரிக்க வெக்கலாம்னு கொண்டுவந்தேன்."

"ஏன் சொல்லலே?"

"நீங்க வெச்சீங்க. எல்லார் முன்னாலயும் எப்படிண்ணா? அதான் தனியாப் போட்டுப் பாருங்கன்னு கொடுத்தேன். நீங்களே பார்த்துக்குவீங்க, விஷயம் நம்ம ரெண்டு பேரோட போயிடும்னு நெனச்சேன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அதுவுமில்லாம, நீங்க கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. அதைப் பார்த்துட்டு ஊசியைத் தூக்கச் சொல்ல மனசு வரலே. அந்த ரெண்டு மார்க்குதான் எனக்குப் புரியலே."

வண்டி வந்தது. அவன் ஏறிக்கொண்டான். நான் அடுத்த வண்டியில் போனேன்.

அவன் ரெக்கார்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். காதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது. என்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் அவன் ரெக்கார்டைத் தப்பாகப் போடவில்லை, அவன் என் ரெக்கார்டைத் தப்பாகப் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நான் சும்மா இருந்திருப்பேனா? வீடே இடிந்துவிழக் கத்தியிருப்பேன்.

23-11-1974

போனேன். பிரம்பு நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை, எனக்கே விட்டு வைத்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது ஜெயசீலி ஒரு காலண்டர் தாளைக் கையில் திணித்தாள். நவம்பர் 2ம் தேதிச் சீட்டு. என் எழுத்தில் 2.

30-11-1974

அவன் கொண்டுவந்ததற்கு 8 போட்டேன். நியாயமாக 8.

14-12-1974, சனி

ஹாலில் நூற்றிருபது பேர். ஹெட்மாஸ்டர்கூட முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. ஜெபசீலன் போன வாரமே கேட்டிருந்தான்: "அண்ணா, பிளேயர்ல நீங்க உக்காந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்." மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தச் சின்னத் தட்டைத்தான் முதலில் வைக்கச் சொன்னான். முதலில் 45. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். 33க்குத் திருப்பினேன். ஹால் அடங்கிவிட்டது. ஹெட்மாஸ்டர் கையை அவிழ்த்தார்.

"இந்தப் பாட்டைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, அசரியா அண்ணா" என்று மைக்கில் சொன்னான். "பாடினவங்களுக்கே இப்படி ஒண்ணு உள்ள இருக்கறது தெரியாது."

கைதட்டினார்கள். எனக்கு! லீவரை விட்டுக் கையை எடுக்கத் தெரியவில்லை. இந்த மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு ஜென்மத்துக்கும் வராது. பாவிப்பயல், எங்கேதான் கற்றுக்கொண்டானோ.

முடிந்ததும் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். 2ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதினேன். அவன் ஜெயசீலியோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்ததும் 10ஐயும் அடித்து ஒன்பதரை ஆக்கி, அவன் கையில் கொடுத்தேன்.