ஓடிபி அத்தாவின் போனுக்குத்தான் வருகிறது

மச்சான்,

எனக்கு இன்று ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. உங்களை எழுப்பவில்லை. நாவலூர் வேலை போனதிலிருந்து தூக்கம் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்கிறீர்கள்.

வேலையிழப்பு உதவிக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள். ஓடிபி வரவில்லை என்று நேற்று போனைத் தூக்கி எறிந்தீர்களே, அது வந்துகொண்டுதான் இருந்தது, என்னைப் பெற்ற அத்தாவின் போனுக்கு. கல்யாணமான புதிதில் உங்கள் நம்பர் கட்டாகிக் கிடந்ததால் ஆதாரில் அவர் நம்பரைக் கொடுத்தோம். மறந்துவிட்டீர்கள்.

அத்தாவுக்குக் கண் சரியில்லை, மெசேஜ் படிக்க முடியாது. அதனால் போனோடு புதுப்பட்டினத்திலிருந்து மதியம் பஸ்ஸில் வருகிறார். வஞ்சிரக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சோறு மட்டும் வடித்து, நீங்களே பரிமாறுங்கள். ஆபரேஷன் முடிந்து அவர் நம் வீட்டில் படுத்திருந்தபோது, "இன்னா அர்வா, உங்க அத்தா இன்னும் எத்தினி நாளு ஓசிச் சோறு துன்னுகினு இருப்பாரு?" என்று கேட்டீர்கள். அப்போது அவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஓடிபி கேளுங்கள்.

அர்வா

மறுசோறு அவராகக் கேட்க மாட்டார். அன்றிலிருந்து யார் வீட்டிலும் கேட்பதில்லை. நீங்கள்தான் வற்புறுத்த வேண்டும்.

இன்னொன்று. ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் நம்பரை மாற்றிக்கொள்ளலாமாம். இன்று மூடியிருக்கும், நாளை போனாலும் கெடுவுக்குள் நம்பர் மாறாது. மாற்றலாம் என்பது எனக்குப் போன வாரமே தெரியும்.