எல்லாம் வால்

மாசி 9, வியாழன்
காலையில் பனி. பிறகு நல்ல வெயில். மிளகு காயப்போட வேண்டும். போடவில்லை.

மதியம் லாரியில் மகள் சரசுவும் மாப்பிள்ளையும். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலை ஏறுவதற்குள் அவளுக்கு வாந்தி. "பொண்டாட்டியத் தாங்கலீங்கப்பா, பெட்டியத்தான் தாங்குனாரு" என்றாள்.

பெட்டி தகரம், தண்ணீர் புகாது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் கைவிட்டு அமுக்க ரப்பர் கையுறை, உள்ளே காமிரா. கடல் மீனைக் கடலுக்குள்ளேயே போய்ப் படமெடுக்கிற உத்தியோகம் மாப்பிள்ளைக்கு. தற்காலிகம்தான். எடுப்பதெல்லாம் வாலாக வருகிறதாம். மீன் முகம் காட்டாவிட்டால் பங்குனியோடு கிளம்பு என்று மேலதிகாரி சொல்லியாயிற்று. அதனால் லீவு போட்டு இங்கே பழக வந்திருக்கிறார். கோயில் ஆற்று மீன் சாமி மீன், யாரும் தொடுவதில்லை, அதனால் பயமில்லாமல் திரியும்.

நான் கடலையே பார்த்ததில்லை. எட்டாவது வரை படித்ததில், அது உப்பு என்று தெரியும்.

மாசி 10, வெள்ளி
ஆற்றில் மார்பளவு தண்ணீரில் மாப்பிள்ளை. மீன் இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம். வலம் போனால் வலம். கோழி பிடிக்கிற மாதிரி. நான் பாறைமேல், கையில் துண்டு.

மிளகு அறையை அடைத்து இருட்டாக்கிப் படம் கழுவினார். கொடியில் வரிசையாக வால்.

"எப்படீங்க மாமா?"

"அருமைங்க மாப்ள."

வேறென்ன சொல்வது? மாப்பிள்ளையிடம் குறை சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

இரவு ரசம். நானும் மாப்பிள்ளையும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தோம். பிறகு சரசு உட்கார்ந்தாள். ஒரு வாய். "உப்பே இல்லியே! ரெண்டு பேருக்கும் வாயில என்ன?"

மாப்பிள்ளை மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஐப்பசியில் சரசுவின் அம்மா தவறிப்போனதிலிருந்து எது உப்பு, எது உறைப்பு என்று பிடிபடவில்லை. சரசுவிடம் சொல்லவில்லை.

மாசி 12, ஞாயிறு
சோளக்காடு சந்தைக்குப் போய் சீயக்காய், பொரி, பல்பொடி. குடை மறந்துவிட்டது. மழையும் இல்லை.

இன்றைக்கும் வால். ஒன்றில் பாதி மீன், பாதி மாப்பிள்ளை கால்விரல்.

"அருமைங்க" என்று தொடங்கினேன். சரசு பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"நல்லாருக்குன்னு கேக்கறதுக்கா இத்தன வளைவு ஏறி வந்தோம்? அம்மா இருந்தா எங்கிட்டச் சொல்லிவுடும். 'உங்கூட்டுக்காரர் நீலச் சட்டையில கோமாளியாட்டம் இருக்கார்னு சொல்லு.' இவரும் மாத்திக்குவாரு. நீங்க என்னடான்னா..."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நான் பல்பொடிப் பொட்டலத்தைப் பார்த்தேன்.

மாசி 13, திங்கள்
மாப்பிள்ளை கழித்துப்போட்ட படங்களைச் சும்மா புரட்டினேன். போன வருஷம் இங்கே எடுத்தவையும் அதில் கிடந்தன. ஒன்றில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. தண்ணீருக்குள் ஒரு கை. மூன்று கண்ணாடி வளையல், பொரி. சுற்றி ஏழெட்டு மீன். எல்லாம் முகம்.

வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"இத ஏனுங்க மாப்ள கழிச்சுப்போட்டீங்க?"

"அத்தையோட கை உள்ள வந்துருச்சுங்க மாமா. படம் கெட்டுப்போச்சுன்னு..."

"கெட்டது கையால இல்லீங்க. நீங்க தொரத்துறீங்க. அவ தொரத்தமாட்டா. கைய வெச்சிட்டுச் சும்மா இருப்பா. அதுங்களா வரும்."

சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடம். முகத்துக்கு நேரே. அடுப்படியிலிருந்து சரசு எட்டிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை, "இத மொத நாளே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். கோபமா, இல்லையா, தெரியவில்லை. படத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

மாசி 14, செவ்வாய்
வெயில். மிளகு காயப்போட்டேன்.

ஆற்றில் மாப்பிள்ளை பெட்டியோடு உட்கார்ந்தார், பாறையை ஒட்டி, அசையாமல். இனித் தனியாகக் கடலில் செய்யும்போது ஒரு கையில் தீனி, ஒரு கையில் பெட்டி என்று வைத்துக்கொள்வாராம். இன்றைக்கு மட்டும் என் கை. பொரியைப் பிடித்துக் கையை உள்ளே விட்டேன். தண்ணீர் சில்லென்று. கொஞ்ச நேரத்தில் கை இருப்பதே தெரியவில்லை.

ஒரு மீன் வந்தது. பிறகு நாலு. அத்தனையும் என்னையே பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை காமிராவை அமுக்கவில்லை.

"என்னங்க மாப்ள?"

தயங்கினார். கரையிலிருந்து சரசு, "சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"மாமா, கை நடுங்குதுங்க. ஆடாம வெச்சீங்கன்னாத்தான் படம் வரும்."

குனிந்து பார்த்தேன். ஆமாம். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.