மச்சானின் தாடை மேல் ஒரு படையெடுப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

ஏழு போர்களில் வென்று, எட்டாவதில் சொந்தக் கன்னத்தையே பறிகொடுத்த உன் தாய்மாமன் எழுதுவது. தாளில் ஆங்காங்கே தெரியும் பழுப்புக் கறை டீ அல்ல, வீர ரத்தம்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டதை அக்கா போனில் சொல்லியிருப்பாள். விழாத இடது கைக்கு மற்றக் கையின் கோபமும் குடிபெயர்ந்து வந்துவிட்டது. மழிக்க வந்த சலூன்காரரின் மூக்கில் ஒரு குத்து. பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடிய மனிதர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான் வாங்கிவந்த மின்சார மெஷின் சுவரில் மோதி மூன்றாகப் பிளந்தது. தன் பழைய பித்தளை ரேசர்தான் வேண்டுமாம். தாடியில் சாப்பாடு ஒட்டித் தோல் புண்ணாகிறதென்று அக்கா அழுதாள். ஆகவே நானே களம் இறங்கினேன்.

முதலில் என் முகத்தில் பழகினேன். அந்த ரேசர் மூன்று துண்டு: மேல்தட்டு, கீழ்த்தட்டு, கைப்பிடி. தட்டுகளுக்கு நடுவே பிளேடு. நான் கீழ்த்தட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பிளேடு வளையாமல் துருத்திக்கொண்டு நின்றது. ஒரே இழுப்பில் கன்னத்தில் ஓர் ஆறு பிறந்து, கீழ்வீட்டில் படகு விட்டார்கள். படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது நான் போட்ட கூச்சலில் தெருவே பத்தடி நகர்ந்தது. அக்கா எட்டிப் பார்த்து, “இந்த மூஞ்சில இனிமே கெட்டுப்போக என்னடா இருக்கு, ஒழுங்கா மாட்டித் தொலை” என்று ஆறுதல் சொன்னாள்.

பத்து நாளில் பாடம் பிடிபட்டது. அழுத்தக் கூடாது, ரேசரின் எடையே போதும். முடி சாயும் பக்கமே இழுக்க வேண்டும். மற்றக் கையால் தோலை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நேற்றுக் காலை வெந்நீர்த் துண்டு ஒற்றி, உன் அப்பாவுக்கு நுரை பூசினேன். கன்னங்கள் இரண்டும் சரணடைந்தன. கழுத்துக்கு வந்ததும் தோலை இறுக்கத் தொண்டையில் கை வைத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி. பிளேடு பதிந்து நுரை சிவந்தது. அப்போதும் விடவில்லை. குழறிக் குழறிக் கேட்டார்:

“அவன் கழுத்த நான் இப்படித்தானே புடிச்சேன்?”

ஆமாம் மச்சான் என்றேன். பொய் என் தாய்மொழி என்று உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை.

“அவன் வரட்டும். மிச்சத்த அவன் மழிக்கட்டும். அறுத்தாலும் சரி.”

அதற்குமேல் தொட விடவில்லை. கன்னம் பளபளக்க, கழுத்தில் தாடியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

அவரை மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். கழுத்து உன்னுடையது, தீர்ப்பும் உன்னுடையது. ஆனால் அவர் உன் கழுத்தை நெரித்த அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு, கோழியைக்கூட இப்படிப் பிடிக்கமாட்டார்களே மச்சான் என்று வேடிக்கை பேசியவன் நான். உன் கண் செருகும்வரை என் கை நகரவில்லை. அக்காதான் பாய்ந்து பிரித்தாள். நான்கு வருடமாக அதையும் ஊருக்கெல்லாம் சண்டைக் கதையாக அளந்துவந்தேன். இந்தப் பத்தியில் மட்டும் ஒரு சொல்லும் மிகையில்லை.

வந்தால் முதலில் என்னை நாலு சாத்து சாத்து. கையைத் தூக்கித் தடுக்கமாட்டேன். பிறகு உள்ளே போவதோ, அப்படியே திரும்பிப் போவதோ உன் இஷ்டம். எங்கிருந்தாலும், என் ராசா, மூச்சு முட்டாமல் நூறு வருடம் வாழ வேண்டும்.

உன் தாய்மாமன்