அத்தனை பேரும் நான்தானாம்

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். தினமும் போனில் பேசுகிற அப்பா திடீரென்று கடிதம் போடுகிறாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் எரிந்து விழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது, அதனால்தான். போன வாரம் நீ, இணையக் கலைக்களஞ்சியத்தில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள், என்னவென்று பாருங்கள் அப்பா என்று கேட்டாய், ஏதோ சர்வர் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன் அல்லவா, அது பொய். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு என்னிடம். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி. அந்தப் பொறுமை உனக்கு அம்மா வழியில் வந்தது, என்னிடம் கிடையாது.

நூலகத்தில் நான் சனிக்கிழமைகளில் கலைக்களஞ்சியத்தில் எழுதச் சொல்லித்தருவது உனக்குத் தெரியும். நூலகர் அம்மாதான் கேட்டார், நம் மொழியில் கட்டுரைகள் குறைவாக இருக்கின்றன, உங்களுக்கோ கம்ப்யூட்டர் கைவந்தது, நாலு பேருக்குக் கற்றுக்கொடுங்கள் என்று. நானும் பெருமையாக ஒப்புக்கொண்டேன். வந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை விசைப்பலகையையே தொடாதவர்கள். ஒரு பஸ் ஓட்டுநர் அண்ணன் வந்தார், அவ்வளவு பெரிய வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவர், விசைப்பலகையில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தேடினார் என்றால் நான் கொட்டாவி விட்டு முடித்த பிறகுதான் அது கிடைக்கும். எனக்கு எங்கே தாங்குகிறது? "நகருங்கண்ணே" என்று சொல்லி நானே அடித்துவிடுவேன். அவரும் பாவம், "வண்டிய நீங்க ஓட்றீங்க, சீட்ல நான் உக்காந்திருக்கேன், நல்லா இருக்கு தம்பி" என்று சிரிப்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன் பார், அவ்வளவு அறிவு எனக்கு. கணக்குத் தொடங்கவே ஒரு வகுப்பு போய்விடும் என்று எல்லோருக்கும் நானே வீட்டில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லும் நானே போட்டுக்கொடுத்தேன். உன் அம்மா மட்டும் என் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை, தானே ஒன்று போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அல்லவா, பிள்ளைகளின் மாறுகண்ணைப் பற்றித் தாய்மார்கள் கேட்பதற்கெல்லாம் நம் மொழியில் ஒரு நல்ல கட்டுரை இல்லை, நான் எழுதுகிறேன் என்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வரிக்கு வரி மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து, சான்று போட்டு, தன் வரைவுப் பக்கத்தில் மெல்ல மெல்ல எழுதிக்கொண்டு வந்தாள். இந்த வேகத்தில் போனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று கிண்டல் செய்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். நான் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருந்தேன். இந்த வட்டாரத்திலேயே மிகப் பழைய பம்பு, இன்னும் ஓடுகிறது என்று அதில் ஒரு வரி. வகுப்பில், சான்று இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் குப்பைக்குத்தான் போகும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னவன் நான், என் கட்டுரைக்கு ஒரு சான்றும் வைக்கவில்லை. தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறேன், இதற்கு மேல் என்ன சான்று என்ற திமிர். அம்மா அதைப் படித்துவிட்டு, "இதுதான் பழசுன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள். "நான் சொல்றேன்ல" என்றேன். அதோடு விட்டுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் அந்தக் கட்டுரையில் நீக்கல் அறிவிப்பு ஒட்டினார், சான்று இல்லை, நீக்கலாமா வேண்டாமா, கருத்துச் சொல்லுங்கள் என்று. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பாடத்தை அப்படியே நிறுத்தினேன். வெள்ளைப் பலகையில் "இது மிக முக்கியமான கட்டுரை, கட்டாயம் வைத்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். எல்லோரும் கருத்துப் பக்கத்துக்குப் போய் இதையே எழுதுங்கள், இன்றைக்கு இதுதான் பயிற்சி என்றேன். எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் நானே போய் அடித்துக்கொடுத்தேன். அப்போதே உனக்கும் அனுப்பினேன், உடனே போய் இதை ஒட்டு, கேள்வி கேட்காதே என்று. நீ என்னவோ ஏதோ என்று ஒட்டிவிட்டாய். இப்போது புரிகிறதா?

மறுநாளே நிர்வாகி ஒருவர் அத்தனை கணக்கையும் முடக்கினார். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே வாக்கியம், காற்புள்ளிகூட அதே இடத்தில், ஆகவே இவை எல்லாம் ஒரே ஆள் வைத்திருக்கும் போலிக் கணக்குகள், வெளியூரிலிருந்து வந்த அந்த ஒன்றும் அவர் ஏற்பாடுதான், ஆள் இன்னார் என்று என் பயனர் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். உலகமே படிக்கலாம், அழிக்கவும் முடியாது, பக்கத்தின் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். நூலகத்தின் இணைப்பையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். நூலகர் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, வகுப்பு நிறுத்தப்பட்டது என்று ஒரு தாளை எழுதி, அதை நானே கதவில் ஒட்டும்படி கையில் கொடுத்தார். பசை தடவும்போது பின்னால் பஸ் ஓட்டுநர் அண்ணன் வந்து நின்று படித்தார். "அப்ப இத்தன வருஷமா பஸ் ஓட்டுனதும் நீங்கதானா தம்பி? பென்சன் யாருக்கு வரும்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன். முதலில் அந்த நிர்வாகி மேல்தான் கோபம், உயிரோடு நடமாடுகிற மனிதர்களைப் போலி என்கிறானே என்று. அவர் பட்டியலிட்டிருந்ததை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது, அவர் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. வாக்கியம் என்னுடையது, கடவுச்சொல் என்னுடையது, பாதிக் கணக்கில் அடித்த விரலும் என்னுடையது. இதில் எதை மறுப்பது?

அம்மாவின் கணக்கும் போய்விட்டது. தடை இருக்கும்வரை, நிர்வாகிகளோடு பேசுவதற்கென்று கணக்கோடு இருக்கும் தன் பேச்சுப் பக்கத்தில் மேல்முறையீடு எழுதலாம், வேறெங்கும் கை வைக்க முடியாது. மாறுகண் கட்டுரை முக்கால்வாசி எழுதியபடி அப்படியே நிற்கிறது, தடை நீங்காவிட்டால் அவள் கையால் அதை முடிக்கவே முடியாது. உனக்காக நான் ஒரு மேல்முறையீடு எழுதித் தருகிறேன், அதைப் போடு என்று அவளிடம் சொன்னேன். ஆமாம், அப்போதும் அப்படித்தான் சொன்னேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "இருபது வருஷமா உங்க கூட இருக்கேன், நான் வேற ஆளுன்னு சொல்லவும் நீங்கதான் எழுதித் தரணுமா?" என்று கேட்டுவிட்டு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை. மறுநாள் நிலையத்தில் பம்பு ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, மற்றவர்கள் படிப்பதுபோல நானும் போனில் திறந்துதான் படித்தேன். அதில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நான் அவருடைய மனைவி, அவர் இல்லை. அன்று பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினேன், அது என் தப்பு, வேறு யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அந்தக் கட்டுரைக்குச் சான்று கிடையாது, அப்போதும் எனக்கு அது தெரியும். தடையை நீக்கினால் முதல் வேலையாக என் கருத்தை, அந்தக் கட்டுரையை நீக்கலாம் என்று மாற்றிக்கொள்வேன், பிறகு என் மாறுகண் கட்டுரையை முடிப்பேன். அதன் கீழே நிர்வாகி, இவர் வேறு ஆள்தான் என்று ஒரு வரி எழுதித் தடையை எடுத்திருந்தார். என் மனைவி என் கருத்துக்கு எதிர்க்கருத்து எழுதித்தான் தான் ஒரு தனி ஆள் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. பம்பு அறையில் நின்றபடி அதைப் படித்தேன். உதவியாள் வந்து அழுத்தமானி அளவு என்ன என்று கேட்டான், எனக்கு எண் தெரியவில்லை.

நேரே கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவள் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை ஓர் எழுத்தில் தடுக்கி நின்றுவிட்டது. நானாக இருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவள் பேசாமல் நின்றாள். குழந்தை முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, தப்பாக ஒன்றைச் சொன்னது, அவளும் தலையாட்டி அதை அப்படியே குறித்துக்கொண்டாள். தப்பாகப் படித்தால்தானே எந்தக் கண்ணாடி என்று தெரியும். எல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னேன். யாரு சொன்னதுன்னு கேட்டேன். நான் சொல்றேன்னீங்க. அதுக்கு மேல நான் எங்க போய் நிக்கறது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை அம்மா, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றே என் பேச்சுப் பக்கத்தில், இவர்கள் எல்லோரும் தனித்தனி மனிதர்கள், தப்பு முழுக்க என்னுடையது, மற்றவர்களை விடுவிக்கும்வரை என் தடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதினேன். அவரவர் சொந்த வார்த்தையில் எழுதட்டும், பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பஸ் ஓட்டுநர் அண்ணன் ஒற்றை விரலால் தானே எழுதிவிட்டார், நான் பஸ் ஓட்டுகிறவன், அந்தப் பம்பு நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது என்று. உடனே விட்டுவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் போன் செய்தால் எடுப்பதில்லை. அவர்கள் இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதற்கு நான்தான் காரணம். நூலகர் அம்மா அடுத்த மாதம் வகுப்பை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டாராம், என்னை அல்ல, உன் அம்மாவை.

இனி உன் விஷயம். உன்னிடம் பொய் சொன்னதற்கும், படிக்கவிடாமல் ஒட்டவைத்ததற்கும் மன்னித்துக்கொள். உனக்காக ஒரு மேல்முறையீட்டை நானே எழுதி இந்தக் கடிதத்தோடு வைக்கப் போனேன், பிறகு கிழித்துப் போட்டேன். நீயே எழுது. அப்பா சொன்னார், நான் படிக்காமல் ஒட்டினேன் என்பது உண்மையானால் அதையே எழுது, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. தடை நீங்கியதும் அந்தக் கட்டுரையை ஒருமுறை முழுசாகப் படி, அதன் மேல் விவாதம் இன்னும் முடியவில்லை, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல், அம்மா பக்கம் நின்றாலும் எனக்குச் சம்மதம்தான், கொஞ்சம் வலிக்கும், அது என் பாடு. கண்ணைக் கசக்காதே, கண்ணாடி எண்ணைச் சரிபார்த்துக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ நீயாகவே பெரிய ஆளாகி, நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எழுதியதை என்னிடம் காட்டாதே. நான் கேட்பேன், அனுப்பு, ஒரே ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று கட்டாயம் கேட்பேன், என்னை உனக்குத் தெரியும். அப்போதும் அனுப்பாதே.

இப்படிக்கு,
இன்னும் தடையில் இருக்கும்
உன் அப்பா