செஞ்சிக் கோட்டையும் சந்துக் கதவும்

இன்று காலை உன் மகள் வந்து கடை ஷட்டரைத் தூக்கினாள், பாய். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து பூட்டியே கிடந்த கடை. கடுக்காயும் பழம்புளியும் கலந்த அந்த வாடை பக்கத்திலிருக்கும் என் பாத்திரக் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்வராயன் மலைச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் உன் சட்டையிலும் அதே வாடைதான் அடிக்கும். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள், நெல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். நீ கோட்டை முற்றுகையைப் பற்றிப் பேசுவாய். சங்கராபுரத்திலிருந்து புளி வாங்க வந்த மனிதரிடம், ஜெர்மன் படை வளைத்த லெனின்கிராடில் ஜனங்கள் தோல் பெல்ட்டை வேகவைத்துத் தின்றதைச் சொல்லிக்கொண்டே எடை போடுவாய். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க மாட்டாய். துறைமுக வாயைச் சங்கிலி கட்டி மறித்திருந்ததால் துருக்கியர்கள் கப்பல்களைத் தரையில் ஏற்றி, மேட்டைத் தாண்டி உருட்டிக்கொண்டு போன கதைக்கு என் கடைச் சாமான்தான் உனக்கு வேண்டும். அண்டாவைக் கவிழ்த்தால் அது கான்ஸ்டான்டினோபிள். டம்ளர்கள் எல்லாம் கப்பல்கள். நெளிந்துபோன கப்பல்களை நான் யார் தலையில் கட்டுவது? கேட்டால் சிரிப்பாய்.

அந்த நகரத்தில் ஒரு சின்னக் கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டார்கள், அதனால்தான் விழுந்தது என்று ஒரு கதை உண்டே, அதைச் சொல்லும்போது மட்டும் உனக்குச் சிரிப்பு வராது. சொல்லி முடித்ததும் எழுந்து வந்து என் கடைப் பூட்டையும் ஒரு இழு இழுத்துப் பார்ப்பாய். நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஆனால் உனக்கு உயிர் செஞ்சிதான். நம் பக்கத்துக் கோட்டை என்கிற உரிமை. மொகலாயப் படை வருஷக்கணக்கில் அதை வளைத்துக்கொண்டு கிடந்ததையும், மராட்டியக் குதிரைக்காரர்கள் வெளியிலிருந்து வந்து அந்தப் படைக்கே தானியம் போகவிடாமல் மறித்ததையும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். "வளைச்சிக்கினு ஒக்காந்தவன் வவுத்துலதான்யா ஈரத்துணி" என்பாய், ஏதோ நீயே கூடாரத்தில் படுத்திருந்தவன் மாதிரி.

இவ்வளவு தெரிந்த மனுஷன், பெற்ற மகளை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவளைக் கேட்காமல் உன் அக்கா மகனுக்குப் பேசி முடித்தாய். அவள் முடியாது என்று சொல்லிவிட்டுச் சின்னசேலத்தில் ரயிலேறி சேலத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் அம்மா இருந்திருந்தால் உன்னை ஒரு அதட்டில் அடக்கியிருப்பார். அவரும் முன்னமே போய்விட்டார். அதன்பின் உன் வாயில் மகள் பெயரே வரவில்லை. நான் பேச்செடுத்தால், "அவளா உள்ள வரட்டும். நான் கூப்ட மாட்டேன்" என்று தராசைத் துடைக்கப் போய்விடுவாய். யாருக்குச் சோறு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? டீக்கு நீ பிஸ்கட் தொடுவதைக்கூட விட்டாய், பாய்.

அவள் போன பிறகு வந்த பெருநாள் அன்று நான் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். வாசல் கதவு விருந்தாளிகளுக்கு, பின்சந்துக் கதவு வீட்டுப் பெண்களுக்கு. அன்றைக்கு அந்தச் சந்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது. என் கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆசாமியின் வீட்டில்! நாய் நுழையப்போகிறது என்றேன். "மறந்துட்டேன் போ" என்றாய். மறந்தவன் எழுந்து போய்ச் சாத்தவில்லையே. கான்ஸ்டான்டினோபிளை ஆரம்பித்தாய். நடுவில் சட்டென்று நிறுத்தி, சந்துப் பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினாய். பிறகு குரலை உயர்த்திக்கொண்டு கதையைத் தொடர்ந்தாய். புரைக்கேறிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன்.

அடுத்த பெருநாளுக்கு நீ இல்லை.

இன்று உன் மகளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, மனதில் இருந்ததைக் கொட்டினேன். உங்க அத்தா உனக்காகத்தான் சந்துக் கதவைத் திறந்து போட்டிருந்தார், ஒரு நடை வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வந்தேன் மாமா. கதவு தெறந்துதான் இருந்துச்சு. அத்தா செருமுனதுகூடக் கேட்டுச்சு. ஒரு தடவ கூப்டுவாருன்னு சந்துலயே நின்னுக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"கதைய முடிச்சாரு. நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னைத் திட்டுவதா அவளைத் திட்டுவதா என்று தெரியவில்லை. நாலு எட்டில் நுழைந்திருக்கலாம் அவள். ஒரு வார்த்தையில் கூப்பிட்டிருக்கலாம் நீ. நடுவில் நான் ஒரு மடையன், எலும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உலகத்துக் கோட்டையெல்லாம் எப்படி விழுந்தது என்று கரைத்துக் குடித்தவனே, உன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தும் யாராலும் நுழைய முடியவில்லையே. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டீ குடித்து முடித்ததும் அவள், அத்தா அன்றைக்குச் சொன்னது எந்தக் கோட்டை என்று கேட்டாள். சந்தில் நின்றவளுக்குப் பாதிதான் கேட்டதாம். கிடக்கட்டும் என்று விடுகிறாளா! வேறு வழியில்லாமல் அண்டாவைக் கவிழ்த்தேன். டம்ளர்களை உருட்டினேன். சங்கிலியைக் கப்பலுக்கு முன்னால் கட்டினார்களா பின்னால் கட்டினார்களா என்று கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? நீ சொல்லும்போது நான் எப்போதாவது ஒழுங்காகக் கேட்டேனா? நாளைக்கு செஞ்சி வேண்டுமாம். ஒரு ஆயுசுக்குக் கேட்டுச் சலித்ததை எல்லாம் இனி நான் சொல்ல வேண்டும். நல்ல சொத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் எனக்கு.

மத்தியானம் சில்லறை மாற்ற மறுபடி வந்தாள். என் கடைப் படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டாள், ஏறவில்லை. கடை திறந்துதான் இருக்கிறது, நானும் உள்ளேதான் இருக்கிறேன். அப்படியே உன் நிற்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பாய். ஆனாலும் சாயங்காலம் அவள் தலை தெருவில் தெரிந்ததுமே, படிக்கு வருவதற்கு முன்னாலேயே, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"உள்ள வாம்மா."